நம் வீட்டுப் பூனை நம்மிடம் என்ன சொல்கிறது?



இந்த மாதச் சுவரிதழில் அறிவியல் பகுதி எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. "உனக்கு நல்லாத் தெரிஞ்சதை எழுது. புத்தகத்தைப் பார்த்துக் காப்பி அடிக்காதே" என்று டீச்சர் சொன்னார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது எங்கள் வீட்டுப் பூனைதான் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், போன வருடம் வரை அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாததால் ஒரு பூனையை நான் இழந்துவிட்டேன். உங்கள் வீட்டில் அப்படி நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பூனை இல்லாத தெரு உண்டா? நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பூனை இருக்கும். ஆனால் நாம் பூனையைப் பற்றி என்ன பேசுகிறோம்? குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்கிறோம். பால் திருடும் என்கிறோம். மதில் மேல் பூனை என்கிறோம். அது நம்மைப் பார்த்து ஏதோ சொல்கிறதே, அது என்ன என்று மட்டும் கேட்பதில்லை.

மணியன் கதை

எங்கள் வீட்டில் மணியன் என்று ஒரு கடுவன் பூனை இருந்தான். வெள்ளையும் கறுப்புமாக இருப்பான். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாலைக் கொடிக்கம்பம் போல் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வருவான்.

போன ஐப்பசி மாதம் நல்ல அடைமழை. ஒரு நாள் காலையில் மணியன் கொல்லையில் கொட்டியிருந்த சாம்பலில் போய்க் குந்தினான். எழுந்தான். நாலடி தள்ளிப் போய் மறுபடியும் குந்தினான். ஒன்றும் போகவில்லை. அடிவயிற்றுக்குக் கீழே நக்கிக்கொண்டே இருந்தான். ஒரு மாதிரி அடித்தொண்டையில் கத்தினான். அப்பாயி பார்த்துவிட்டு, "வயிறு கட்டிக்கிச்சு புள்ள, ஒரு கரண்டி வெளக்கெண்ணெய ஊத்து, சரியாப் போயிடும்" என்றார்கள். நான்தான் மடியில் போட்டு வாயைத் திறந்து ஊற்றினேன்.

மறுநாள் அவன் சோறு தின்னவில்லை. பத்தாயத்துக்கு அடியில் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டான். நான் வெளியே எடுத்து மடியில் வைத்தேன். உடனே குர்ர்ர் குர்ர்ர் என்று சத்தம் கொடுத்தான். எனக்கு ஒரே சந்தோஷம். "அம்மா, மணியன் குர்குர்ங்கிறான், நல்லாயிட்டான்" என்று கத்தினேன். அப்பாவும், "சரி, மழை விட்டதும் டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்" என்றார்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அவன் எழுந்திருக்கவே இல்லை. தென்னை மரத்தடியில் அப்பா குழி தோண்டினார்கள். நான் அன்று பள்ளிக்கூடம் வரவில்லை.

கார்த்திகைக் கடைசியில் எங்கள் கன்றுக்குட்டிக்கு ஊசி போட அப்பாவுடன் கால்நடை மருந்தகம் போனேன். அங்கிருந்த டாக்டர் அம்மாவிடம் பயந்து பயந்து மணியனைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்:

"அது வயிறு கட்டினது இல்லம்மா. ஒண்ணுக்கு அடைச்சுக்கிச்சு. கடுவன் பூனைக்கு அந்தக் குழாய் ரொம்ப ஒடுக்கம். மணல் மாதிரிப் பொடியும் சளி மாதிரிப் பொருளும் சேர்ந்து அடைச்சிடும். மூத்திரப்பை உப்பிப்போயிடும். வெளியே போக வேண்டிய கழிவு ரத்தத்திலயே தங்கிடும். பொட்டாசியம் ஏறி இதயம் நின்னுடும். ரெண்டு மூணு நாள்தான் தாங்கும். அன்னிக்கே தூக்கிட்டு வந்திருந்தா குழாய் விட்டு எடுத்துப் பார்த்திருக்கலாம்."

"ஆனா குர்குர்ன்னு சத்தம் போட்டுச்சே டாக்டர்?" என்று கேட்டேன்.

"சந்தோஷத்துலயும் போடும். வலி தாங்க முடியாதப்பவும் போடும். சத்தத்தை மட்டும் கேட்டா போதாது. முழுப் பூனையையும் பார்க்கணும்" என்றார்கள்.

"முழுப் பூனையையும் பார்க்கணும்." இந்த ஒரு வரியைத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் நான் விளக்கப் போகிறேன்.

மியாவ் யாருக்காக?

முதலில் கொஞ்சம் வரலாறு. வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. மேற்காசியாவில் மனிதர்கள் முதன்முதலில் தானியம் விளைவித்துச் சேர்த்து வைத்தபோது எலிகள் வந்தன. எலியைத் தேடிப் பூனைகள் வந்தன. சைப்ரஸ் தீவில் சுமார் 9500 வருடத்துக்கு முந்தைய மனிதக் கல்லறை ஒன்றில், மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து 2004ல் வெளியிட்டார்கள். நம் ஊர்ப் பத்தாயத்தடியில் நடப்பதுதான் அங்கேயும் நடந்திருக்கிறது!

இன்னொரு ஆச்சரியம். குட்டிப் பூனை தாயைப் பார்த்து மியாவ் என்று கத்தும். வளர்ந்த பிறகு ஒரு பூனை இன்னொரு பூனையைப் பார்த்து மியாவ் என்று சொல்வது மிகவும் குறைவு. ஆனால் நம்மைப் பார்த்து மட்டும் கடைசி வரைக்கும் சொல்லும். நமக்கு வாலும் காதும் பார்க்கத் தெரியாது, கத்தினால்தான் திரும்பிப் பார்ப்போம் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. நம் மொழியை அது பாதி கற்றுக்கொண்டது. அதன் மொழியை நாம் பாதியாவது கற்க வேண்டாமா?

என் பூனை நோட்டு

மார்கழி மாதம் புள்ளி என்ற பெட்டைப் பூனை தானாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இந்தத் தடவை நான் ஏமாறக்கூடாது என்று பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டேன். முதல் கட்டத்தில் நேரமும் இடமும். இரண்டாவதில் புள்ளி என்ன செய்தாள் என்பது. மூன்றாவதில் அதற்கு அடுத்து என்ன நடந்தது என்பது. இந்த மூன்றாவது கட்டம்தான் முக்கியம். நாம் நினைத்தது சரியா தப்பா என்று அதுதான் சொல்லும். "கத்தினாள், சோறு வைத்தேன், தின்றாள்" என்றால் பசி. "கத்தினாள், சோறு வைத்தேன், முகர்ந்து பார்த்துவிட்டுக் கதவுக்குப் போனாள்" என்றால் பசி இல்லை, கதவைத் திறக்கச் சொல்கிறாள்.

நான் பார்த்ததையும், எங்கள் அறிவியல் டீச்சர் கணினி அறையில் தேடிக் காட்டியதையும் சேர்த்துக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. வால்

வால் நேராக மேலே, நுனி மட்டும் லேசாக வளைந்திருந்தால் "வா வா, உன்னைப் பார்த்ததில் சந்தோஷம்" என்று அர்த்தம். வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி சிலிர்த்து உப்பியிருந்தால் பயம். தன்னைப் பெரிதாகக் காட்டிப் பயமுறுத்தப் பார்க்கிறது. வாலைத் தரையில் படார் படார் என்று அடித்தால் "என்னைத் தொடாதே, எனக்கு எரிச்சலாக இருக்கிறது" என்று அர்த்தம். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். நாய் வாலாட்டினால் சந்தோஷம் என்று பழகிவிட்டோம். பூனை வாலை அடித்தால் தள்ளிப் போக வேண்டும்.

2. காது

காது முன்பக்கம் பார்த்து நிமிர்ந்திருந்தால் கவனமாக, நிம்மதியாக இருக்கிறது. பக்கவாட்டில் திரும்பினால் சந்தேகம். தலையோடு ஒட்டிப் படிந்துவிட்டால் பயம் அல்லது கோபம், அடுத்தது பிறாண்டல்தான். பூனை இரண்டு காதையும் தனித்தனியாகத் திருப்பும். நமக்கு வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரையில்தான் கேட்கும். பூனைக்கு 60,000க்கு மேலும் கேட்கும். அதனால் சுவரைப் பார்த்துக்கொண்டு பூனை சும்மா உட்கார்ந்திருந்தால் "பேயைப் பார்க்குது" என்று பயப்படாதீர்கள். சுவருக்குள் எலிக்குஞ்சு கத்துவது நமக்குக் கேட்காது, அதற்குக் கேட்கும்.

3. கண்

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருண்டு போச்சுன்னு நினைக்குமாம்" என்று நாம் கேலி செய்கிறோம். உண்மையில், உங்களைப் பார்த்துக்கொண்டே பூனை மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால், அது உங்களை நம்புகிறது என்று அர்த்தம். எதிரி முன்னால் யாராவது கண்ணை மூடுவார்களா? இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2020ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனிதர்கள் மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனைகளும் பதிலுக்குச் சிமிட்டின. அப்படிச் சிமிட்டிய புது ஆளிடம் பூனைகள் கூடுதலாக நெருங்கி வந்தன. நானும் புள்ளியிடம் செய்து பார்த்தேன். முதல் இரண்டு நாள் அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் திண்ணையில் இருந்து பதில் சொன்னாள்!

முறைத்துப் பார்க்காதீர்கள். பூனை மொழியில் அது சண்டைக்குக் கூப்பிடுவது.

4. உடம்பு

பூனை நம் காலில் தலையையும் கன்னத்தையும் உரசுவது சோறு கேட்க மட்டும் இல்லை. அதன் கன்னத்திலும் நெற்றியிலும் வால் அடியிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. உரசும்போது அந்த வாசனை நம் மேல் ஒட்டும். "இவங்க நம்ம ஆளு" என்று முத்திரை குத்துவது மாதிரி.

முன்னங்காலால் நம் மடியில் சப்பாத்தி மாவு பிசைவது போல் பிசைகிறதே, அது குட்டியாக இருந்தபோது பால் சுரக்கத் தாயின் மடியை அமுக்கிய பழக்கம். நிம்மதியாக இருக்கும்போது அந்தப் பழக்கம் திரும்பி வருகிறது.

மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினால் "உன்னை நம்புகிறேன்" என்றுதான் அர்த்தம். "வயிற்றைத் தடவு" என்று அர்த்தம் இல்லை. இதில் நான் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

5. சத்தம்

1944ல் அமெரிக்காவில் மில்ட்ரெட் மோல்க் என்ற பெண்மணி பூனைகளின் சத்தத்தைக் கவனமாகக் கேட்டு 16 வகையாகப் பிரித்தார். வாயை மூடிக்கொண்டு எழுப்பும் சத்தம், வாயைத் திறந்து மூடும்போது வரும் சத்தம், வாயைத் திறந்தபடியே எழுப்பும் சத்தம் என்று மூன்று பெரிய பிரிவு. நீங்களே கேட்டுப் பாருங்கள். வாய் மூடி வருவது குர்குர். திறந்து மூடினால் மியாவ். திறந்தே இருந்தால் சீறலும் கத்தலும்.

குர்குர் சத்தத்திலும் வகை உண்டு. 2009ல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு விஷயம் கண்டுபிடித்தார்கள். பூனை தீனி கேட்கும்போது போடும் குர்குர்ருக்குள் அழுகை மாதிரி ஒரு மெல்லிய சத்தமும் கலந்திருக்கிறது. அது கைக்குழந்தை அழுகைக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. அதனால்தான் காலையில் எங்கள் அம்மா எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் முதலில் புள்ளிக்குத்தான் பால் ஊற்றுகிறார்கள்!

மியாவ் சத்தத்துக்கு அகராதி கிடையாது. 2003ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பூனைகளின் மியாவ் சத்தத்தை மட்டும் மனிதர்களுக்குப் போட்டுக் காட்டி, எதற்காகக் கத்துகிறது என்று கேட்டார்கள். பூனையோடு பழகியவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சரியாகச் சொன்னாலும், பெரும்பாலும் தப்பாகத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு பூனையும் தன் வீட்டு ஆட்களோடு சேர்ந்து தனக்கென்று ஒரு பாஷை உண்டாக்கிக்கொள்கிறது. அதனால் புள்ளியின் மியாவ் எனக்குப் புரியும். உங்கள் வீட்டுப் பூனையின் மியாவ் உங்களுக்குத்தான் புரிய வேண்டும்.

இராத்திரியில் கடுவன் பூனைகள் குழந்தை அழுவது போல் கத்தும். எங்கள் தெருவில் "அபசகுனம்" என்று கல்லெடுத்து எறிவார்கள். அது பெட்டையைத் தேடும் சத்தம், அல்லது இரண்டு கடுவன்கள் எல்லைக்குச் சண்டை போடும் சத்தம். வேறொன்றும் இல்லை.

-------------------------------
உங்களுக்குத் தெரியுமா?

* தொல்காப்பியம் மரபியலில் காட்டுப்பூனைக்கு "வெருகு" என்று பெயர். கீரி, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கின் பிள்ளைகளையும் "குட்டி" என்று சொல்லலாம் என்று அங்கே இருக்கிறது. இன்றைக்கும் நாம் பூனைக்குட்டி என்றுதான் சொல்கிறோம்!

* பூனைக்குத் தன் பெயர் தெரியும். ஜப்பானில் சோபியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்சுகோ சைட்டோவும் மற்றவர்களும் 2019ல் இதைக் காட்டினார்கள். மற்ற சொற்களுக்கு நடுவில் தன் பெயர் வந்தால் பூனை காதையோ தலையையோ திருப்புகிறது. எழுந்து வருவதும் வராததும் அதன் இஷ்டம்!
-------------------------------

வலியைச் சொல்லும் முகம்

இதுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி. தயவுசெய்து இதையாவது முழுதாகப் படியுங்கள்.

நாய் வலித்தால் ஊளையிடும். ஆடு கத்தும். பூனை பெரும்பாலும் கத்தாது. அது எலியை வேட்டையாடும் மிருகம். அதே நேரத்தில் தன்னைவிடப் பெரிய மிருகத்துக்கு இரையாகும் மிருகமும்கூட. காட்டில் நோயைக் காட்டிக்கொண்டால் உயிர் போய்விடும். அதனால் வலி வந்தால் மறைவான இடத்துக்குப் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். மணியன் பத்தாயத்துக்கு அடியில் போனது அதனால்தான். நாங்கள் "தூங்குது, தொந்தரவு பண்ணாதே" என்று நினைத்தோம்.

2019ல் கனடா நாட்டு மொன்றியல் பல்கலைக்கழகத்தில் பூனையின் முகத்தைப் பார்த்து வலியை அளக்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள். ஐந்து விஷயம் பார்க்க வேண்டும்:

(1) காது: இரண்டும் விலகி, வெளிப்பக்கம் திரும்பித் தட்டையாகிறதா?

(2) கண்: பாதி மூடி இடுங்கியிருக்கிறதா?

(3) மூக்கும் வாயும் உள்ள பகுதி: உருண்டையாக இல்லாமல் இறுகி நீண்டு தெரிகிறதா?

(4) மீசை: தளர்ந்து வளையாமல் விறைத்து நேராக நிற்கிறதா?

(5) தலை: தோளுக்குக் கீழே தொங்குகிறதா?

ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றால் 0, கொஞ்சம் என்றால் 1, நன்றாகத் தெரிந்தால் 2. மொத்தம் 10க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிக்கு மருந்து தேவை என்று அர்த்தம். மருந்து கொடுக்க வேண்டியது டாக்டர்தான், நாம் இல்லை.

ஒன்றைக் கவனித்தீர்களா? நம்பிக்கையிலும் கண்ணை மூடும். வலியிலும் கண் பாதி மூடும். நிம்மதியிலும் குர்குர், வேதனையிலும் குர்குர். எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? மற்றதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தின்றதா? வெளிக்குப் போனதா? வழக்கமான இடத்தில் இருக்கிறதா? அன்றைக்கு மணியன் என் மடியில் குர்குர் என்றபோது அவன் காது விரிந்திருந்தது. தலை தொங்கியிருந்தது. வயிற்றுக்கு அடியில் எலுமிச்சம்பழம் போல் ஏதோ கெட்டியாகக் கையில் பட்டது. எல்லாம் என் கண் முன்னால் இருந்தது. நான் குர்குர்ரை மட்டும் கேட்டேன்.

நான் வாங்கிய கடி

நோட்டு எழுத ஆரம்பித்ததும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. ஒரு நாள் புள்ளி வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தாள். "என்னை நம்புறா" என்று வயிற்றில் கை வைத்தேன். வால் தரையில் இரண்டு தடவை அடித்தது. பார்த்தேன். பார்த்தும் கையை எடுக்கவில்லை. லபக் என்று கடித்துவிட்டாள். தப்பு அவள் மேல் இல்லை. அவள் வாலால் முதலில் சொல்லிவிட்டாள்.

அம்மா உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவச் சொன்னார்கள். அப்பாயி மஞ்சளும் சுண்ணாம்பும் எடுத்து வந்தார்கள். அம்மா வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டோம். குறித்துக் கொடுத்த தேதிகளில் தவறாமல் போய் மற்ற ஊசிகளையும் போட்டுக்கொண்டேன். வெறிநோய் நாயால் மட்டும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பூனை கடித்தாலும், பிறாண்டி ரத்தம் வந்தாலும் வரலாம். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் கழுவி, உடனே ஊசி போட்டால் தடுத்துவிடலாம். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். வீட்டில் திட்டுவார்கள் என்று யாரும் மறைக்காதீர்கள்.

பத்தாயத்துக்குள் ஒரு சத்தம்

மாசி மாதம் புள்ளி மூன்று குட்டி போட்டாள். "பூனை ஏழு வீடு மாத்தும்" என்று அப்பாயி சொல்வார்கள். ஏழு வீடு என்பது கணக்கு இல்லை. வாசனை தெரிந்து நாயோ வேறு கடுவனோ வந்துவிடும் என்று குட்டிகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பாள். இருட்டாக, மறைவாக இருக்கும் இடம்தான் அவளுக்குப் பிடிக்கும்.

அப்போதுதான் சம்பா அறுப்பு முடிந்திருந்தது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் பத்து மூட்டை கொண்டுவந்து திண்ணையில் அடுக்கியிருந்தார்கள். பத்தாயத்தைத் துடைத்து, காற்றாட ஒரு நாள் முழுக்கத் திறந்து போட்டிருந்தோம். சாயங்காலம் அப்பாயி மூடினார்கள். மறுநாள் காலையில் நெல் கொட்டுவதாக ஏற்பாடு.

விடியற்காலையில் புள்ளி கத்த ஆரம்பித்தாள். வாயை அகலத் திறந்து நீளமாகக் கத்தினாள். "பசிக்குது போல, போய்ச் சோறு வை" என்றார்கள் அப்பாயி. நெத்திலிக் கருவாட்டை வைத்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் காலைச் சுற்றிவிட்டுப் பத்தாயத்துக்கு ஓடினாள். திரும்பி வந்தாள். மறுபடியும் ஓடினாள். காது இரண்டும் பத்தாயத்தைப் பார்த்தே நிமிர்ந்திருந்தது. அப்பா மூட்டையின் வாய்க்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "சனியன் காலுக்குள்ளயே வருது, வெளிய வெரட்டு" என்றார்கள்.

எனக்கு மூன்றாவது கட்டம் ஞாபகம் வந்தது. சோறு வைத்தேன், தின்னவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது, போகவில்லை. அப்படியென்றால் கேட்பது வேறு எதையோ.

"அப்பா, கொட்டாதீங்கப்பா. ஒரு நிமிஷம் பத்தாயத்தைத் திறங்க" என்றேன். அப்பாவுக்குக் கோபம்தான் வந்தது. இருந்தாலும் மணியனை நினைத்தார்களோ என்னவோ, மேல் பலகையை எடுத்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தோம். மூலையில் ஒரு குட்டி. பகலில் திறந்திருந்தபோது புள்ளி அதைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்திருக்கிறாள். மற்ற இரண்டைத் தூக்கி வருவதற்குள் மூடிவிட்டோம். குட்டி கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மூடிய பலகைக்கு வெளியே எங்களுக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

அப்பா குட்டியை எடுத்துக் கீழே விட்டார்கள். புள்ளி அதைக் கவ்விக்கொண்டு போய்விட்டாள், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வாயில்லாச் சீவன்னு சொல்றோம். வாய் இருக்கத்தான் செய்யுது" என்றார்கள்.

நாம் செய்ய வேண்டியது

* உங்கள் பூனைக்கு வழக்கம் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தூங்கும், எவ்வளவு தின்னும், எங்கே வெளிக்குப் போகும். வழக்கம் மாறினால் அது ஏதோ சொல்கிறது.

* கடுவன் பூனை குந்திக் குந்தி எழுந்து ஒன்றும் போகாமல் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். மழையோ வெயிலோ, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வயிற்றை அமுக்காதீர்கள்.

* ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் மறைந்தே இருந்தால் அதுவும் நோய்தான்.

* மனிதர் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடும்.

* நம் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்து ஊர்களில் கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. "பூனைக்கெல்லாமா டாக்டர்?" என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

செய்து பாருங்கள்

ஒரு பழைய நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். பத்து நாள் உங்கள் பூனையைப் பார்த்து எழுதுங்கள். பூனை இல்லாதவர்கள் ஆடு, மாடு, கோழி எதை வேண்டுமானாலும் பார்த்து எழுதலாம். நல்ல நோட்டுகளை அடுத்த மாதச் சுவரிதழில் ஒட்டலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்கள்.

மூளைக்கு வேலை

பூனை உங்கள் மடியில் குர்குர் என்கிறது. காலையிலிருந்து சோறு தின்னவில்லை. காது பக்கவாட்டில் விரிந்திருக்கிறது. தலை தொங்குகிறது. அது என்ன சொல்கிறது? நீங்கள் என்ன செய்வீர்கள்?

இதற்கு விடையை நான் இங்கே எழுதவில்லை. இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கே தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

மணியனுக்கு இந்தக் கட்டுரை.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி

(பின்குறிப்பு: புள்ளியின் குட்டிகளில் இரண்டு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் கேட்டால் ஒன்றைக் கொடுக்கிறேன். பத்தாயத்தில் கிடைத்த குட்டி மட்டும் கிடையாது.)